சின்ன மேடத்தைக் கேட்டு வாங்கியது

எனக்கு வாய் நீளம். அதை வைத்துத்தான் கால் நூற்றாண்டு இன்சூரன்ஸ் விற்றேன், பெண்ணைப் படிக்க வைத்தேன், வீடும் கட்டினேன். எதிரில் இருப்பவர் வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் நான் அடுத்த பாலிசிக்குப் போயிருப்பேன். மூச்சு விட இடம் கொடுத்தால்தானே மனுஷன் மறுப்பான்? அப்படிப்பட்ட நான், காது கேளாத குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி தரும் ஓர் அறக்கட்டளையில் நன்கொடை திரட்டும் வேலையில் போய்ச் சேர்ந்தேன். சேர்ந்த அன்றைக்கே ஒருவர் என்னைப் பத்து நிமிடம் பேசவிட்டு, கடைசியில் சிரித்துக்கொண்டே சொன்னார்: "எல்லாம் சரிண்ணா. உங்க வாய்தான் பிரச்சினை."

அவர்தான் சின்ன மேடம். என் கடைசித் தங்கையைவிட வயதில் சிறியவர், பதவியில் எனக்கு மேலே. தலைமை ஆசிரியை பெரிய மேடம் என்பதால் இவர் சின்ன மேடம் ஆகிவிட்டார். மற்றவர்கள் எனக்கு 'இன்சூரன்ஸ் சார்' என்று பட்டம் வைத்தார்கள். இவர் அண்ணா என்று கூப்பிட்டுக்கொண்டே காதைத் திருகுவார்.

எங்கள் மையம் ஒரு டயர் கடையின் மாடியில் இருந்தது. கீழே காற்றடிக்கும் கம்ப்ரஸர். மேலே குழந்தைகளுக்குக் காது பரிசோதனை. சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும் என்று குழந்தைக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். கம்ப்ரஸர் ஓட ஆரம்பித்ததும் அத்தனை குழந்தைகளும் கையைத் தூக்கிவிடும், தரை அதிர்வது காலுக்குத் தெரியுமே. உடனே யாராவது ஒருவர் படியிறங்கி ஓடி, டயர் கடைக்காரரிடம் கெஞ்சி நிறுத்தச் சொல்ல வேண்டும். அவரும் பாவம், பாதி காற்று ஏறிய டயரோடு நின்றுகொண்டிருப்பார். ஊருக்கு ஒதுக்குப்புறமாக, அமைதியான ஒரு சொந்தக் கட்டடம் வேண்டும் என்பதுதான் எங்கள் எல்லோருடைய கனவும்.

கட்டடம் தரக்கூடிய பெரிய மனிதர்களை எப்படி அணுகுவது என்று சின்ன மேடம் எனக்குப் பாடம் எடுத்தார். பாடமா அது? தண்டனை. முதல் சந்திப்பில் பணத்தைப் பற்றிப் பேசவே கூடாது. இரண்டாவதிலும் கூடாது. அப்படியானால் எதற்குப் போவது என்று கேட்டேன். கேட்கப் போங்கள் என்றார். திரும்பி வந்ததும் மாடிப்படியிலேயே நிறுத்தி, அவர் என்ன சொன்னார் என்று விசாரிப்பார். நான் என்ன சொன்னேன் என்று ஆரம்பித்தால் கையைக் காட்டி நிறுத்திவிடுவார். ஒரு தடவை, நான் பார்த்துவிட்டு வந்த மனிதரின் நாற்காலிக்குப் பின்னால் மாட்டியிருந்த படம் என்ன என்று கேட்டார். நான் திருதிருவென்று விழித்தேன். குடையை விட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு திரும்பப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். வெயில் மண்டையைப் பிளந்த நாள் அது. அந்த மனிதர் என்னை மேலும் கீழும் பார்த்தார். படத்தில் ஒரு பழைய பள்ளிக்கூடம் இருந்தது. அதைப் பற்றிக் கேட்டேன். ஒரு மணி நேரம் பேசினார். பேசி முடிக்கும்போது அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

இந்த வியாதி வீட்டுக்கும் பரவியது. என் மனைவி ஏதாவது சொன்னால், "அப்புறம்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருக்கப் பழகினேன். முதல் வாரம் அவள் என்னைச் சந்தேகத்தோடு பார்த்தாள். இரண்டாவது வாரம், யாரிடமாவது கடன் வாங்கித் தொலைத்துவிட்டீர்களா, உண்மையைச் சொல்லுங்கள் என்றாள். விஷயத்தைச் சொன்னதும் சின்ன மேடத்தை ஒரு நாள் சாப்பிடக் கூப்பிடுங்கள் என்று பிடித்துக்கொண்டாள்.

அடுத்து மெத்தைக் கம்பெனி அம்மா விஷயம். கணவர் போன பிறகு தொழிற்சாலையைத் தனியாளாக நடத்துகிறவர். சின்ன மேடம் மூன்று வருடமாக அங்கே போய்வந்துகொண்டிருந்தார். மருமகளோடு சண்டை, நார் மெத்தையா ஸ்பிரிங் மெத்தையா என்று மகனோடு சண்டை, எல்லாம் கேட்டாயிற்று. மூன்றாவது வருடம்தான் அந்த அம்மா, கணவருக்குக் கடைசிக் காலத்தில் காது போய்விட்டதைச் சொன்னாராம். ஆசையாக ஒரு வார்த்தை பேசுவதென்றாலும் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்த வேண்டும், அதனால் பேசாமலே விட்டுவிட்டேன் என்றாராம். இனி கேட்கலாம் என்று சின்ன மேடம் முடிவு செய்தார். கேட்கப் போவது நான் என்றும் அவரே முடிவு செய்தார்.

மூன்று வருடம் உழுதவர் இருக்க, அறுப்புக்கு நான் எதற்கு என்று கேட்டேன்.

"நான் அந்த வீட்டுப் பொண்ணு மாதிரி ஆயிட்டேண்ணா," என்றார். "நான் கேட்டா அவங்களால மறுக்க முடியாது. மறுக்க முடியாதவங்ககிட்ட கேக்கறது கேக்கறதே இல்ல, பிடுங்கறது. நீங்க கேளுங்க. வேணாம்னா வேணாம்னு சொல்ற வழி அவங்களுக்கு இருக்கணும்."

இதுதான் அவர் வழக்கம். பெரிய நன்கொடை எதையும் அவர் வாயால் கேட்டதில்லை. பழக்கி, பேசி, மனசு கனிந்த பிறகு, கேட்கிற இடத்தில் இன்னொருவரை உட்காரவைப்பார். பெயரும் அந்த இன்னொருவருக்கே போகும். இதில் ஆபத்து இருக்கிறது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

நான் கேட்க வேண்டியது ஒரே வாக்கியம். சொல்லி முடித்ததும் வாயில் ஒரு பெப்பர்மின்ட் போட்டுக்கொள்ள வேண்டும். அது கரையும் வரை பேசக் கூடாது. மெத்தைக் கம்பெனி அம்மா வீட்டில் எல்லாமே மெத்தை. சோபாவில் உட்கார்ந்ததும் புதைந்துபோய் என் முழங்கால் தாடைக்கு வந்துவிட்டது. அந்தக் கோலத்திலேயே, கட்டடச் செலவில் பாதியை அவர் ஏற்க முடியுமா என்று கேட்டுவிட்டு மிட்டாயைப் போட்டுக்கொண்டேன். அந்த அம்மா பேசவில்லை. ஐயோ, அதிகமாகக் கேட்டுவிட்டோமே, கால்வாசி போதும் என்று சொல்லிவிடலாமா என்று எனக்கு நாக்கு துடித்தது. சின்ன மேடம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா எழுந்து உள்ளே போனார். மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தார்.

"பாதி எதுக்கு? முழுசும் நானே குடுத்துடறேன்," என்றார். "அவர் பேரைப் போட்டுப் பலகை கிலகை வைக்காதீங்க. படிச்சுக் காட்டினாலும் அவருக்குக் கேக்காது."

அலுவலகத்தில் என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். நான் இல்லை, சின்ன மேடம்தான் என்று சொல்லிப் பார்த்தேன். சின்ன மேடமே குறுக்கே வந்து, கேட்டது அண்ணாதான் என்று எனக்கு ஒரு கேக் துண்டை ஊட்டிவிட்டுப் போய்விட்டார்.

கட்டட வேலை தொடங்கிய பிறகு ஒரு நாள் அறக்கட்டளைத் தலைவர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் எலும்பு டாக்டர். அவருடைய அறையின் மூலையில் ஓர் எலும்புக்கூடு தொங்கும். அதன் தலையில் தன் தொப்பியை மாட்டிவைத்திருப்பார். நல்ல மனிதர், ஆனால் எதையும் எக்ஸ்ரே எடுத்தது போல ஒரே பார்வையில் முடிவு செய்துவிடுவார். இந்த வருடம் சின்ன மேடம் பெரிய நன்கொடை என்று ஒன்றுகூடக் கொண்டுவரவில்லை, எல்லாம் நீங்களும் மற்றவர்களும் கொண்டுவந்தது, அவருக்கு எதற்கு அவ்வளவு சம்பளம் என்று கேட்டார். அடுத்த மாதக் கூட்டத்தில் அவருக்கு விடை கொடுத்துவிட்டு என்னை அந்த இடத்தில் போடப்போவதாகச் சொன்னார்.

வாயைத் திறந்தேன். எல்லாம் அவர்தான் செய்தார், நான் வெறும் வாய் மட்டும்தான் என்று பழைய இன்சூரன்ஸ் வேகத்தில் கொட்டித் தீர்த்தேன். தலைவர் கேட்டுவிட்டு என் தோளைத் தட்டினார்.

"இந்தப் பெருந்தன்மைதான் உங்ககிட்ட எனக்குப் பிடிச்சது," என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட மணியை அடித்தார். கூட்டம் முடியும் வரை யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்றும் சொன்னார்.

தெருவுக்கு வந்து நின்றேன். சின்ன மேடத்திடம் சொல்லிவிடலாம்தான். ஆனால் அவர் ரோஷக்காரி. காதில் விழுந்த நிமிடமே ராஜினாமாவை எழுதி வீசிவிட்டுப் போய்விடுவார், பிறகு யார் தடுத்தும் பயனில்லை. அவர் போய்விட்டால்? நாற்காலி எனக்கு வரும். அதில் உட்கார்ந்து நான் என்ன செய்வேன், யாரைப் பார்த்துக் கற்றுக்கொள்வேன்? ஐம்பது வயதுக்கு மேல் ஒரு மனிதனுக்கு வாயை மூடக் கற்றுக்கொடுத்தவரை, அந்த மனிதனின் பெயரைச் சொல்லியே வெளியே அனுப்புகிறார்கள். நினைக்க நினைக்க எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

வீட்டில் மனைவியிடம் மட்டும் சொன்னேன். பதவி, சம்பளம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, எனக்கு வேண்டாம் என்று இருக்கிறேன் என்றேன். புது ஃபிரிட்ஜ் ஒன்று அவள் மனதுக்குள் வந்து நின்றதை நான் கண்ணால் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் அதை அவளே வெளியே தள்ளிவிட்டாள்.

"அந்தப் பொண்ணு வந்த பிறகுதான் நான் பேசறதை நீங்க முழுசாக் கேக்கறீங்க," என்றாள். "அவளை அனுப்பினீங்கன்னா நானும் கூடவே கிளம்பிடுவேன். பார்த்துக்கங்க."

ஆக, குடும்பமே பணயத்தில் இருந்தது. யோசித்துப் பார்த்ததில் என் தவறு விளங்கியது. தயாராகாத ஆளிடம் முதல் சந்திப்பிலேயே கேட்டுவிட்டேன். சின்ன மேடம் பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். தலைவரை முறைப்படி அணுக வேண்டும், ஒரு பெரிய கொடையாளியை அணுகுவது போல. நான் கேட்கப்போவது பணம் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலில் அவருக்கு எதில் உயிர் என்று கண்டுபிடிக்க வேண்டும். அவருடைய அறைச் சுவரில் சட்டம் போட்ட படங்கள் நிறைய மாட்டியிருந்தன. எல்லாவற்றிலும் வெறும் மரக்கிளை. அவருக்கு ஏதோ மரத்தின் மேல் பிரியம் என்று நினைத்துக்கொண்டு, இது என்ன மரம் என்று கேட்டேன்.

"மரம் இல்ல, மரங்கொத்தி," என்றார் தலைவர். "இந்தக் கிளையிலதான் இருந்தது."

அடுத்த படத்தில் ஒரு மீன்கொத்தி இருந்ததாம். அதற்கடுத்ததில் ஆந்தை. மனிதர் ஞாயிறு தவறாமல் ஏரிக்கரைக்குக் கேமராவோடு போகிறார். அவர் பொத்தானை அமுக்கும்போது பறவை கிளம்பிவிடுகிறது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அப்புறம்?" என்றேன். அந்த ஒரு வார்த்தைக்காகவே பல வருடம் காத்திருந்தவர் மாதிரி அவர் முகம் மலர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை என்னையும் ஏரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அதற்கடுத்த ஞாயிறும் போனேன். அதற்கடுத்ததும். கொசுக்கடியில் புதருக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தும்மலைக்கூட விழுங்கிக்கொண்டு, பறவை கிளம்பிப் போன கிளைகளை அவரோடு சேர்ந்து துக்கத்தோடு பார்த்தேன். பணத்தைப் பற்றியோ பதவியைப் பற்றியோ ஒரு வார்த்தை கிடையாது. அவருடைய தகப்பனார் அவரை வைதது, முதல் ஆபரேஷனில் கை நடுங்கியது, எல்லாம் சொன்னார். மெல்ல மெல்ல அவரை எனக்குப் பிடித்துப்போனது. இப்படி ஆகும் என்று சின்ன மேடம் எச்சரித்திருந்தார். பிடிக்காத மனிதரிடம் போய்க் கேட்காதீர்கள் என்பார்.

இதில் ஒரு விபரீதம் நடந்தது. ஒரு ஞாயிறு தலைவர் என்னைத் தன் காரிலேயே கொண்டுவந்து மையத்தின் வாசலில் இறக்கிவிட்டார். கழுத்தில் அவருடைய பைனாகுலரோடு, "அப்ப அடுத்த வாரம் பார்க்கலாம் சார்" என்று பல்லெல்லாம் தெரிய நான் இறங்கும்போது, எதிரே, ஞாயிறும் வேலைக்கு வந்திருந்த சின்ன மேடம். தன்னை மாற்றப்போகிறார்கள் என்று அரசல் புரசலாக ஏற்கெனவே அவர் காதில் விழுந்திருக்கிறது. என்னைப் பார்த்தார், பைனாகுலரைப் பார்த்தார். அவருக்குக் கணக்குச் சரியாகிவிட்டது. ஒருவரைப் படிப்படியாக எப்படி வளைப்பது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவருக்கு, நான் எந்தப் படியில் நிற்கிறேன் என்று தெரியாதா?

"நல்லாப் பண்றீங்க சார்," என்றார்.

அண்ணா போய்விட்டது. அன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் சார்தான். பேனாவை எடுத்துக்கொள்ளலாமா சார், ஜன்னலைச் சாத்தலாமா சார். மாடிப்படியில் யாரும் என்னை நிறுத்தி விசாரிக்கவில்லை. மற்றவர்களும் என்னைப் பார்த்ததும் பேச்சை மாற்றினார்கள். துரோகி என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, டீ மட்டும் எனக்கு ஆறிப்போய் வந்தது. உண்மையைச் சொல்லித் தொலைக்கலாம் என்று தொண்டை வரை வரும். வதந்தியாக இருந்ததை நானே உறுதிசெய்தால் ராஜினாமா. விழுங்கிக்கொள்வேன். வாழ்க்கையில் நான் விழுங்கிய வார்த்தைகள் எல்லாம் அந்த ஒரு மாதத்தில் விழுங்கியவைதான்.

கூட்டத்துக்கு முந்திய ஞாயிறு ஏரிக்கரையில் கேட்டேன். நேரடியாக இல்லை. ஒடிந்த எலும்பைச் சேர்ப்பது எப்படி சார் என்று ஆரம்பித்தேன். சேர்ப்பது நான் இல்லை, எலும்பு தானாகச் சேரும், அது அசையாமல் இருக்க ஒழுங்காக மாவுக்கட்டு போடுவதில்தான் வித்தை என்றார். கட்டைப் பிரிப்பது கஷ்டமா என்று கேட்டேன். அதற்கென்ன, கம்பவுண்டரே வெட்டி எடுத்துவிடுவார் என்றார்.

"மெத்தைக் கம்பெனியில நான் கட்டைப் பிரிச்ச கம்பவுண்டர் சார்," என்றேன். "மூணு வருஷம் கட்டுப் போட்டு அசையாமப் பார்த்துக்கிட்டது சின்ன மேடம். மத்தவங்க கொண்டுவந்த எல்லாத்துலயும் அப்படித்தான். மறுக்க முடியாதவங்ககிட்ட கேக்கக் கூடாதுன்னு, கேக்கற வேலையை மட்டும் எங்ககிட்ட விட்டுடுவாங்க. அவங்க இங்கேயே இருக்கணும் சார். அவங்க கீழதான் நான் வேலை பார்க்கணும். அதுக்கு நீங்க மனசு வைக்கணும்."

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். மிட்டாய் கொண்டுவர மறந்திருந்தேன். தலைவர் தண்ணீரைப் பார்த்தார். எங்கிருந்தோ ஒரு மீன்கொத்தி வந்து எங்களுக்கு நேரெதிரே, கைக்கெட்டுகிற கிளையில் உட்கார்ந்தது. உட்கார்ந்தது மட்டுமல்ல, திரும்பித் திரும்பிப் பக்கவாட்டில் எல்லாம் காட்டியது. எனக்கானால் கத்த வேண்டும் போலிருந்தது. தலைவரின் கை கேமராவின் மேலேயே இருந்தது, தூக்கவில்லை. அது பாட்டுக்கு இருந்துவிட்டு, அலுத்துப்போய்க் கிளம்பியது.

"இப்படிக் கேட்டுட்டு வாயை மூடிக்கிட்டு உக்கார யார் உங்களுக்குச் சொல்லிக்குடுத்தது?" என்றார் கடைசியில்.

"நீங்க அனுப்பப்போறவங்கதான் சார்."

தலைவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப இந்த ஏரி, பறவை, எல்லாம்?"

"முதல் வாரம் அதுக்குத்தான் வந்தேன்," என்றேன். பொய் சொல்ல மனம் வரவில்லை. "அப்புறம் வந்தது உங்களுக்காக."

அவர் தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். ஏரியில் இருந்த மிச்சப் பறவைகளும் கிளம்பிப் போயின.

மறுநாள் காலை மையத்துக்கு ஓடினேன். சின்ன மேடம் மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தார். அட்டைப்பெட்டியில் டம்ளர், சால்வை, குழந்தைகள் வரைந்துகொடுத்த படங்கள். என்னைப் பார்த்ததும் நாற்காலியைக் காட்டினார்.

"இது கொஞ்சம் ஆடும் சார். ஒரு காலுக்கு அடியில அட்டை மடிச்சு வச்சிருக்கேன். எடுத்துடாதீங்க."

நான் நடந்ததைச் சொன்னேன். டாக்டர் கூப்பிட்டது, நான் உளறிக் கெடுத்தது, கிளைகள், கொசு, மாவுக்கட்டு, எல்லாம். நேற்று மாலையே தலைவர் மற்ற உறுப்பினர்களுக்குப் போன் போட்டு, சின்ன மேடமே இருக்கட்டும் என்று பேசி முடித்துவிட்டதையும் சொன்னேன். அவர் நின்றபடியே கேட்டார். எனக்காகப் போய்க் கெஞ்சச் சொல்லி உங்களை யார் கேட்டது என்று கோபமாகக் கேட்டார். யாரும் கேட்கவில்லை என்றேன். கேட்டதுதான் கேட்டீர்கள், சம்பளத்தையும் கொஞ்சம் கூட்டிக் கேட்டிருக்கலாமே என்றார். அதைச் சொல்லும்போதே குரல் உடைந்து, அந்த ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

நன்கொடை தந்தவர்களுக்கு எத்தனையோ நன்றிக் கடிதம் எழுதியிருக்கிறேன். அவருக்கு ஒரு தடவைகூட நன்றி சொன்னதில்லை. இப்போது சொன்னேன். நீங்கள் இல்லாவிட்டால் நான் இன்னும் கத்திக்கொண்டுதான் இருந்திருப்பேன், உங்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும், போகாதீர்கள் என்றேன். இன்சூரன்ஸ்காரன் பேசியவற்றிலேயே மிகவும் சின்னப் பேச்சு அதுதான்.

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஊருக்கெல்லாம் கேட்டுக் கேட்டு வாங்கிக் குடுத்திருக்கேண்ணா," என்றார். "எனக்குன்னு யாரும் எதையும் கேட்டதே இல்ல."